தாழ்வாரத்தில் நின்ற நிர்வாகக் குழு

அத்தியாயம் பதினொன்று

இதனால் அறிவுலகத்துக்கும், அதற்கு வெளியே எப்படியோ காலம் தள்ளிக்கொண்டிருக்கும் ஏனையோருக்கும் தெரிவித்துக்கொள்வது: பல்துறை முனைவர் பட்ட ஆய்வுத் திட்டத்தின் நிர்வாகக் குழு இன்று வியாழக்கிழமை பிற்பகல், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்காத அறையில் கூடுகிறது. துறைகளுக்கு நடுவே எழும்பியிருக்கும் சுவர்களை இடிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட மாபெரும் குழு இது. இதுவரை எந்தச் சுவரும் இடியவில்லை. அறைக்கு நடுவே ஒரு தடுப்பு மட்டும் புதிதாக வந்திருக்கிறது, டீ மேஜையை மறைக்க.

குடும்பத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள் அடுத்த பத்திகளைத் தாண்டிப் போகலாம். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமனார் தத்துவப் பேராசிரியர். திட்டத்தின் இயக்குநர், குழுவின் தலைவர். அவர் பேச ஆரம்பித்தால் விஷயம் வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் 'முகவுரை' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமியார் புள்ளியியல் துறையின் தலைவர். அதே குழுவில் உறுப்பினர். ஒரே மனிதரின் பேச்சை வீட்டில் ஒரு முறையும் அலுவலகத்தில் ஒரு முறையும் கேட்கும் பாக்கியம் பெற்றவர்.

மருமகள் அந்தத் திட்டத்தின் மாணவி. ஆறு வருடமாக, மனிதர்கள் வரிசையில் நிற்பதை ஆராய்கிறாள். எங்கே பொறுமையாக நிற்கிறார்கள், எங்கே முண்டுகிறார்கள், யாருக்கு வழி விடுகிறார்கள், கட்டடம் அதற்கு என்ன செய்கிறது, கணக்கு என்ன சொல்கிறது. திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் மருமகளானாள். இயக்குநரிடம் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தவள், அவர் பேசி முடிக்கும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்த மகனும் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவர் பேசி முடிப்பதற்குள் அவர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே தெரிந்துகொண்டார்கள்.

மகன் கப்பலில் இன்ஜினியர். சிக்னல் கிடைக்கும்போது "என்ன ஆச்சு?" என்று கேட்பதோடு இந்தக் கதையில் அவன் வேலை முடிகிறது. மூன்று வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள்.

இன்று குழு "சரி" என்று சொன்னால் மருமகள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். சமர்ப்பித்த சான்று திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால், வேறொரு நகரத்தில், போக்குவரத்து ஆராய்ச்சி மையத்தில் அவளுக்கு வேலை. சொல்லாவிட்டால் குழு அடுத்துக் கூடுவது மூன்று மாதம் கழித்து. அவசரக் கூட்டம் கூட்டலாம். அதற்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வேலை அதுவரை காத்துக்கொண்டிருக்காது.

சாதாரணமாக இது அரை நிமிட விஷயம். அதைச் சிக்கலாக்க ஒரு தத்துவப் பேராசிரியர் தேவைப்பட்டார்.

போன கூட்டத்தில் வேதியியல் பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "இது நிர்வாகக் குழுவா, குடும்ப குரூப் போட்டோவா?" எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு விதி எழுதினார். மாணவரோடு ரத்தத்தாலோ, திருமணத்தாலோ, கற்பித்தலாலோ, கூட்டு ஆய்வாலோ தொடர்புடைய எந்த உறுப்பினரும், அம்மாணவரைப் பற்றிப் பேசும்போது அறையை விட்டு வெளியேறி, பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும். போன வாரம் அந்த விதி சுற்றுக்குப் போனது. ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் படித்தார்களா என்பது வேறு கேள்வி.

*

காலையில் சாப்பாட்டு மேஜை அமைதியாக இருந்தது. அஜெண்டா வந்த நாளிலிருந்து இயக்குநர் மருமகளிடம் பேசுவதில்லை. கோபம் எதுவும் இல்லை. நெறி.

"உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்றார் மனைவியிடம்.

உப்பு மருமகளின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் தள்ளினாள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றார் மாமியார்.

"காதுல விழுந்திருக்கும்."

"அப்படின்னா நேராவே கேட்டிருக்கலாமே."

"நேரா கேட்டா அது தொடர்பு."

"உப்பு கேட்கறதா?"

"சலுகைங்கறது எங்கே ஆரம்பிக்குதுன்னு யார் வரையறுக்க முடியும்? அதிகாரத்துக்கும் உறவுக்கும் நடுவுல இருக்கற அந்த மெல்லிய..."

"முட்டை ஆறுது," என்றார் மாமியார்.

பேத்தி தாத்தாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாத்தா அம்மாகிட்ட டூ விட்டுட்டாரா?"

"இல்லடா. தாத்தா நேர்மையா இருக்கார்," என்றாள் மருமகள்.

"எப்ப சரியாகும்?"

"சாயங்காலம்."

ஒரே கட்டடத்துக்கு ஒரே நேரத்தில் போக வேண்டிய மூன்று பேரில் ஒருத்தி பேருந்தில் போனாள். விதியின் கண்டிப்பான பொருளில் பார்த்தால் மனைவியும் மாணவியின் உறவுதானே, அவரோடு ஒரே காரில் போகலாமா என்று இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். கார் மனைவியுடையது. யோசனையை விட்டுவிட்டார்.

வழியில் மாமியார் கேட்டார். "அவளுக்கு அந்த வேலை கிடைச்சா வீடு எப்படியிருக்கும்னு நினைச்சுப் பார்த்தீங்களா?"

"அமைதியா இருக்கும். புத்தகத்தை முடிச்சுடலாம்."

"சின்னவளும் போயிடுவா."

இயக்குநர் சாலையைப் பார்த்தார். "பச்சை விழுந்துடுச்சு," என்றார்.

விழவில்லை.

*

குழுவில் ஆறு பேர். தத்துவம், புள்ளியியல், கட்டடக்கலை, உளவியல், கணிதம், வேதியியல். முன்பு ஆறாவது நாற்காலியில் உயிரியல் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் போனதும் போன வருடம் வேதியியல் வந்து உட்கார்ந்தார். முடிவெடுக்க நான்கு பேராவது இருக்க வேண்டும்; அதற்குக் 'கோரம்' என்று பெயர். குறிப்பெழுதச் செயலர் ஒருவர் உண்டு. அவருக்கு ஓட்டு இல்லை, பிஸ்கட் உண்டு.

முதலில் போன கூட்டத்தின் மினிட்ஸ். வேதியியல் சொன்ன 'குரூப் போட்டோ' என்பதை 'கூட்டுப் புகைப்படம்' என்று திருத்த வேண்டும் என்றார் தலைவர். திருத்தப்பட்டது.

இரண்டாவது, திட்டத்தின் பெயர்ப்பலகை. 'பல்துறை' என்ற சொல் போதாது என்றார் உளவியல் பேராசிரியை. பல்துறை என்றால் பல துறைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும்தானாம். நாம் இருப்பது அதற்கும் மேலான நிலை.

"துறையிடைன்னு போடலாம்," என்றார் கட்டடக்கலை. "ஒண்ணோட ஒண்ணு பேசும்."

"பேசினா போதுமா? கரையணும். துறைகடந்தன்னு வரணும்."

"கடந்து எங்கே போகுது?" என்று கேட்டார் கணிதம். அவருக்கு எதிலும் எல்லை தெரிய வேண்டும்.

"பலகை எழுதற ஆள் கீழே நிக்கறார்," என்றார் வேதியியல். "மூணுல ஏதாவது ஒண்ணைச் சொல்லி அனுப்புங்க. அவர் சாப்பிடப் போகணும்."

ஒரு மணி நேரம் பேசினார்கள். துணைக் குழு அமைப்பது என்று முடிவானது. பலகை எழுதுகிறவர் சாப்பிடப் போய்விட்டார்.

மூன்றாவது, விளக்கக் கையேட்டின் புதிய அட்டை. அட்டையில் நான்கு இளைஞர்கள் ஒரு மரத்தடியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் இவங்க? நம்ம பசங்களா?" என்றார் கணிதம்.

"போட்டோ கம்பெனியில வாங்கினது சார்," என்றார் செயலர்.

"நல்லா சிரிக்கறாங்க."

அட்டை ஒப்புக்கொள்ளப்பட்டது.

நான்காவது வந்தது. மருமகளின் ஆய்வேடு, சமர்ப்பிக்க அனுமதி. இயக்குநர் எழுந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். உளவியல் பேராசிரியை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நேரமாகும் என்று தெரியும்.

"நண்பர்களே, ஒரு நிறுவனம் எப்போது நிறுவனமாகிறது? தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்போது. இந்த விதி என் பேனாவிலிருந்து வந்தது என்பதற்காக முதலில் என்மேல்தான் பாய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்..."

விரும்பிக்கொண்டே பத்து நிமிடம் பேசினார். பிறகு கோப்பை மூடிக்கொண்டு, யாரும் கூப்பிடுவார்களோ என்று மெதுவாக நடந்து வெளியே போனார். யாரும் கூப்பிடவில்லை. மாமியாரும் எழுந்தார். அவர் பேசவில்லை, போகிற போக்கில் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"மூத்தவர்ங்கற முறையில தலைமை எனக்கு வருது," என்றார் கட்டடக்கலை. நாற்காலியை மாற்றி உட்கார்ந்தார். விதியை எடுத்துப் படித்தார். கற்பித்தலாலோ என்ற இடத்தில் நின்றார். "நான்தானே அவளுக்கு கைடு."

"ஆமா சார்," என்றார் செயலர்.

"அப்ப நானும் போகணும்."

போனார்.

"நான் துணை கைடு," என்றார் உளவியல். போனார்.

கணிதம் இன்னும் உட்கார்ந்திருந்தார். வேதியியலுக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

"ஒரு கட்டுரை சேர்ந்து எழுதியிருக்கோம்," என்றார் கணிதம். "பேர் வரிசையில என் பேர்தான் முதல்ல வரும். அதனால தொடர்பு எனக்குத்தான் அதிகம்னு சொல்லணும்." கொஞ்சம் பெருமையாகவே எழுந்து போனார்.

திட்டத்தைத் தொடங்கிய நாளிலேயே இதே இயக்குநர் இன்னொரு விதியும் எழுதியிருந்தார். மாணவர் ஒவ்வொருவரும் குழுவிலுள்ள எல்லாத் துறைகளோடும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். அதுதான் திட்டத்தின் ஆன்மா. பழைய விதிப்படி, மாணவியோடு வேலை செய்யாதவருக்குக் குழுவில் இடமில்லை. புதிய விதிப்படி, வேலை செய்தவருக்கு அறையில் இடமில்லை. இரண்டையும் எழுதியது ஒரே பேனா. வேதியியல் மட்டும் தப்பினார், அவள் வேலையை முடித்த பிறகு வந்து சேர்ந்தவர் என்பதால்.

வேதியியல் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"இப்ப நான் தலைவரா?"

"ஆமா சார்."

"குழு?"

"நீங்கதான் சார்."

"எத்தனை பேர் வேணும்?"

"நாலு பேர் சார்."

"பிஸ்கட்?"

"ஆறு பேருக்கு வந்திருக்கு சார்."

வேதியியல் ஒன்றை எடுத்தார். அவர் அந்த ஆய்வேட்டை முழுக்கப் படித்திருந்தார், குறை கண்டுபிடிக்க. பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு பெரிய மனிதர், யாரையோ தேடுவது போல் முன்னால் நகர்ந்து நகர்ந்து வரிசைக்குள் நுழையப் பார்ப்பதை அவள் எழுதியிருந்தாள். அந்தப் பெரிய மனிதரின் சட்டை, செருமல், கைக்கடிகாரத்தைப் பார்க்கும் விதம் எல்லாம் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது போலிருந்தது. ஆய்வேட்டை மூடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்து கடைசிவரை படித்தார். குறை கிடைக்கவில்லை.

"நான் ஒத்துக்கறேன். எழுதிக்குங்க," என்றார்.

"ஒருத்தர் ஒத்துக்கிட்டா செல்லாது சார்."

"எதிர்த்தா?"

"அதுவும் செல்லாது சார்."

*

மருமகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாமனாரும் மாமியாரும் வந்தபோது அவளுக்கு ஆச்சரியம் இல்லை. கைடு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். துணை கைடும் கணிதமும் வந்தபோது கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

எல்லோரும் விதிப்படி தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார்கள். அங்கே காபி இயந்திரம் இருந்தது. ஆளுக்கொரு கோப்பை என்று நின்றதில் தானாகவே ஒரு வரிசை உண்டானது. கணிதம் தனக்கு முன்னால் உளவியலை விட்டார். உளவியல் கட்டடக்கலையை விட்டார். கட்டடக்கலை தலைவரை விட்டார். தலைவர், பதவியைப் பயன்படுத்த மாட்டேன் என்று கடைசிக்குப் போனார். யாருக்கும் இன்னும் காபி கிடைக்கவில்லை. மாமியார் பக்கவாட்டில் வந்து பித்தானை அமுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

விதி சொன்ன தூரம், உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க. வெளியே பேசுவது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"அருமையான வேலை," என்றார் கட்டடக்கலை.

"மூணாவது அத்தியாயத்தைத் தனிப் புத்தகமாவே போடலாம்," என்றார் உளவியல்.

"கை தூக்கச் சொன்னா ரெண்டு கையையும் தூக்குவேன்," என்றார் கணிதம்.

ஆய்வேடு ஒருமனதாக, எந்தப் பயனும் இல்லாமல், நிறைவேறியது.

அறைக் கதவு திறந்தது. வேதியியல் தலையை நீட்டினார். "எல்லாரும் போயிட்டீங்களே, உள்ள யார் இருக்கணும்னு நினைச்சீங்க?"

யாரும் நினைத்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பிறகும் உள்ளே ஆள் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

"கோரம் இல்லையா?" என்றார் இயக்குநர்.

"நானும் செயலரும் தடுப்பும்தான் இருக்கோம்."

திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். புதிய விதியை இன்று ஒருநாள் மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று வேதியியல் முன்மொழிந்தார். மாமியார் வழிமொழிந்தார். கட்டடக்கலை, உளவியல், கணிதம் மூவரும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிறுத்தி வைத்தால் யாருக்கு நன்மை? ஒரே ஒருவருக்கு. அவர் யார்? மாணவி. எனவே இதுவும் மாணவியைப் பற்றிய விவாதமே. எனவே விதிப்படி..."

"என்னங்க," என்றார் மாமியார். குழுவில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உட்காருங்க."

இயக்குநர் உட்காரவில்லை. வெளியே போனார். அவர் போனால் மற்றவர்கள் இருந்து ஓட்டுப் போடலாமா என்று சந்தேகம் வந்தது. செயலர் விதியை உரக்கப் படித்தார். கட்டடக்கலை எழுந்தார். இந்த முறை எல்லோரும் வேகமாகவே வெளியேறினார்கள்; வழி தெரிந்திருந்தது.

வேதியியல் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

*

இந்த முறை காபி கிடைத்துவிட்ட கணவரை மாமியார் ஜன்னலோரம் நிறுத்தினார்.

"விதிக்கு என்ன அர்த்தம்னு சொல்ற அதிகாரம் தலைவருக்கு உண்டு. கற்பித்தல், கூட்டு ஆய்வுன்னா திட்டத்துக்கு வெளியே செய்யறதைத்தான் சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்களும் நானும் வெளிய நிப்போம். அவங்க மூணு பேர், உள்ளே ஒருத்தர். நாலு ஆச்சு. முடிஞ்சுது."

"அப்படிச் சொன்னா என் மருமகளுக்காக வளைச்சேன்னு ஆகும்."

"வளைக்கச் சொல்லலை. விளக்கச் சொல்றேன்."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடு ரொம்ப..."

"மெல்லிசு. தெரியும். ஆறு வருஷம் வெயில்ல நின்னிருக்கா அவ. ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, கரன்ட் ஆபீஸ். வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு நின்னிருக்கா. உங்களுக்கு ஒரு வாக்கியம் சொல்ல முடியலை."

"முறையில்ல."

"முறையில்லைங்கறது வேற, மனசில்லைங்கறது வேற."

இயக்குநர் கோப்பையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் மாமியார். "அவ போனா சின்னவளும் போயிடுவாளேன்னுதான் இவ்வளவு நேர்மையா?"

காபி ஆறிவிட்டது என்றார் இயக்குநர். அது உண்மைதான்.

மாமியார் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. கீழே சிந்திவிடப் போகிறதே என்பது மட்டும்தான்.

மருமகள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவள் பக்கத்தில் யாரும் வரவில்லை. விதியில் மாணவர்களோடு பேசலாமா என்று எழுதியிருக்கவில்லை, அதனால் யாரும் துணியவில்லை. அவளே கைடிடம் போனாள்.

"சார், கட்டடக்கலைத் துறையில இந்த விதி இருக்கா?"

"எங்க துறையில விதியே கிடையாது. எல்லாம் நான்தான்."

"உங்க துறைக்கு மாத்திக்கிட்டா ஆய்வேட்டை எப்ப வாங்கிப்பீங்க?"

கட்டடக்கலை கடிகாரத்தைப் பார்த்தார். "ஆபீஸ் மூடறதுக்குள்ள வந்தா இன்னிக்கே. ஆனா வரிசையில நிக்கற மனுஷங்க... அது கட்டடக்கலையா?"

"எல்லாரும் கட்டடத்துக்குள்ளதானே சார் நிக்கறாங்க."

"பஸ் ஸ்டாண்டு?"

"அதுக்கும் கூரை இருக்கு."

"கணக்கு நிறைய வருதே," என்றார் கணிதம், கொஞ்சம் பதற்றமாக.

"பின்னிணைப்புக்குப் போயிடும் சார்."

"மனம் பற்றிய பகுதி?" என்றார் உளவியல்.

"நன்றியுரைல சொல்லிடறேன் மேடம்."

உளவியல் பேராசிரியை அடிபட்ட முகத்தோடு இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷம் பொறுத்தே. இன்னும் மூணு மாசம் நிக்கக் கூடாதா? முதல் பட்டம் நம்ம திட்டத்துல வரணும்னு எல்லாருக்கும் ஆசை."

"மேடம், நகராத வரிசையில ஜனங்க எவ்வளவு நேரம் நிப்பாங்கன்னு கணக்கு எடுத்திருக்கேன். முதல்ல எட்டிப் பார்ப்பாங்க. அப்புறம் பின்னாடி இருக்கறவங்ககிட்ட புலம்புவாங்க. அப்புறம் பக்கத்து வரிசைக்கு மாறிடுவாங்க. கடைசிவரைக்கும் நிக்கறவங்க, கவுன்டர்ல ஆள் இல்லைங்கறதைப் பார்க்காதவங்கதான்."

கணிதம் அதை ரசித்தார். கவுன்டர் எது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். நான்கு வரி. கட்டடக்கலைத் துறைக்கு மாற விரும்புகிறேன், விடுவிக்க வேண்டுகிறேன். கைடு சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு கையெழுத்து வேண்டும், திட்ட இயக்குநருடையது.

தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"மாமா," என்றாள்.

இயக்குநர் மனைவியைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க," என்றார் மாமியார். "இது குழு முடிவு இல்லை. ஆபீஸ் வேலை. திட்டத்தை விட்டுப் போறவங்களுக்கு சலுகை காட்டக் கூடாதுன்னு விதி ஏதும் எழுதலை நீங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே எழுதியிருக்கவில்லை. தாளை வாங்கிப் படித்தார். நான்கு வரியைப் படிக்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் படித்தார். சட்டைப் பையைத் தடவினார். கோப்போடு பேனாவும் அறையில் இருந்தது. இதற்குள் கதவருகே வந்து நின்றிருந்த வேதியியல் தன் பேனாவை நீட்டினார்.

இயக்குநர் ஜன்னல் விளிம்பில், கோப்பையை நகர்த்திவிட்டு, கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். தாளைத் திருப்பித் தரும்போது ஒரு முனையை விடவில்லை.

"குழந்தையையும் கூட்டிட்டுப் போயிடுவியா?" என்றார். அஜெண்டா வந்த பிறகு மருமகளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம். முகவுரை இல்லாமல் வந்தது.

மருமகள் அவரைப் பார்த்தாள். பதில் அவளிடம் இருந்ததா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. கப்பலில் இருப்பவனோடு அவள் இதை இன்னும் பேசவே இல்லை.

"அதை வீட்டுல பேசலாம் மாமா," என்றாள்.

அவர் தாளை விட்டார்.

அவளும் கைடும் படியிறங்கினார்கள். மாமியார் கைப்பையில் கார் சாவியைத் துழாவி எடுத்தார்.

"நீ எங்கே?" என்றார் இயக்குநர். "கூட்டம் முடியலையே."

"அந்தக் கட்டடம் மெயின் ரோடு தாண்டி இருக்கு. நடந்து போனா மூடிடுவாங்க."

"நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"பஸ் வரும். வரிசையில நில்லுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

*

தத்துவம், உளவியல், கணிதம், வேதியியல். நால்வரும் அறைக்குத் திரும்பினார்கள். கோரம் இருந்தது.

நான்காவது விஷயம், மாணவி திட்டத்தில் இல்லாத காரணத்தால், அஜெண்டாவிலிருந்து நீக்கப்பட்டது. தலைவர் எழுந்தார். புதிய விதி முதன்முறையாக இன்று நடைமுறையில் சோதிக்கப்பட்டது என்றார். யாருக்கும் சலுகை காட்டப்படவில்லை. யாரும் அழுத்தம் தரவில்லை. தலைவர் முதற்கொண்டு அனைவரும் தாமாகவே வெளியேறினார்கள். இப்படியொரு தூய்மையை வேறு எந்தத் திட்டம் காட்டியிருக்கிறது? விதியை மற்ற பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியாக அனுப்பலாம் என்று உளவியல் முன்மொழிந்தார். அதற்கு முன் எல்லைகளை வரையறுக்க ஒரு துணைக் குழு வேண்டும் என்றார் கணிதம். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

வேதியியல், பிஸ்கட் தட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிக் கை தூக்கினார். அதுவும் ஆதரவாகவே பதிவானது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். செயலர் தேதியும் நேரமும் எழுதி, பேனாவை மூடினார்.

திட்டத்தில் இப்போது மாணவர்கள் யாரும் இல்லை.